ஒன்பதாம் தளத்தில் என் தம்பி

சிங்காநல்லூர், கோவை
16.6.2024

அன்புத் தம்பி கோபாலசாமிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் வர்ஷினியும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகுவலி இப்போது எப்படி? டாக்டர் கொடுத்த பெல்ட்டைக் கட்டுகிறாயா, பெட்டிக்குள் வைத்திருக்கிறாயா?

நீ கடலில் இருந்தால் போன் கிடைப்பதில்லை. கரையில் இருக்கும் நேரம் எனக்குப் பள்ளிக்கூடம். அதனால் நமக்கு இந்த மெயில்தான் தோது. கப்பல் கரைக்கு வரும்போது படித்துக்கொள்.

நல்ல சேதி. வர்ஷினிக்குப் பல்லடத்தில் இடம் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் நிதீஷ். அவர் அப்பா பாலுசாமிக்குக் கோழிப்பண்ணைகள். பல்லடம் பக்கம் அவர் பெயரைச் சொன்னால் தெரியாதவர்கள் இல்லை. அம்மா சென்னியம்மாள். மாசியில் கல்யாணம் என்று பேச்சு. பாலுசாமிக்கு அறுபது முடிகிறது. அதைக் கொண்டாட, சம்பந்திகள் நாலு பேரும் சேர்ந்து கப்பலில் போக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். அக்டோபர் 26ஆம் தேதி சிங்கப்பூரில் ஏறி, இருபத்தொரு நாள் கழித்து சிட்னியில் இறங்க வேண்டும். பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது, வரவில்லை.

நேற்று அவர் என்னிடம், "ஏனுங்க அம்மணி, உங்க தம்பி கப்பல்ல ஆபீசருன்னு சம்பந்தி சொன்னாருங்களே. என்னென்ன எடுத்துட்டுப் போறது, அங்க எப்படி இருந்துக்கறதுன்னு அவருகிட்டக் கேட்டு எழுதி வாங்கிருங்க" என்றார்.

உன் மச்சான் பேச்சுவாக்கில் அப்படிச் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் எதற்கு என்று விட்டுவிட்டேன். நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய்.

டிக்கெட்டின் போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். விவரமாக எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

பாசமுடன்,
அக்கா பூங்கோதை

—

சிங்கப்பூர் துறைமுகம்
5.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சுகம். முதுகு பரவாயில்லை, பெல்ட் கட்டுகிறேன். நீங்களும் மச்சானும் நலம்தானே? வர்ஷினியை என் பங்குக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டைப் பார்த்ததும் கத்திவிட்டேன். அக்கா, அது என் கப்பல்! நவம்பர் வரை இதில்தான் எனக்கு வேலை. பதினான்கு வருடமாக யார் யார் வீட்டு அம்மாக்களுக்கோ படுக்கை விரித்துக் கொடுத்திருக்கிறேன். முதல் தடவையாக உங்களுக்கு விரிக்கப் போகிறேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கேட்டதற்கு வருகிறேன். கப்பல் புறப்படும் அன்றைக்குக் காலையில் விமானம் ஏறாதீர்கள். முதல் நாளே சிங்கப்பூர் வந்து தங்கிவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்கு அனுப்புவார்கள். பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்றுத்துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். மாத்திரைகளுக்கு டாக்டரின் சீட்டு ஆங்கிலத்தில் வேண்டும். இஸ்திரிப் பெட்டியும் கரண்ட் குக்கரும் கொண்டுவந்தால் ஏறும்போதே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் குக்கரைப் பட்டுவேட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்து மாட்டியதை நானே பார்த்தேன்.

தலைசுற்றல் எல்லோருக்கும் வரும். வந்தால் அறைக்குள் படுக்கக் கூடாது. நடுத்தளத்துக்குப் போய் வெளிக்காற்றில் நின்று, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். இஞ்சி நல்லது. பச்சை ஆப்பிள் கேட்டால் கொடுப்பார்கள். சைவச் சாப்பாடு வேண்டுமானால் முதல் ராத்திரியே தலைமைப் பரிமாறுகாரரிடம் சொல்லிவிட வேண்டும். அறை எண் தெரிந்தால் எழுதுங்கள்.

சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி,
கோபால்

—

சிங்காநல்லூர்
11.8.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, எனக்குக் கொஞ்சம் சளி. உன் சுகத்துக்கு எழுது. பதில் போட இத்தனை நாளாகிவிட்டது. காலாண்டுப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் வேலை.

நீ எழுதியதை அப்படியே பிரதி எடுத்துப் பல்லடத்துக்குக் கொடுத்தோம். பாலுசாமி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாராம். ஆஸ்திரேலியா விசா வந்துவிட்டது. சென்னியம்மாள் எலுமிச்சை ஊறுகாய் எடுத்து வரலாமா என்று கேட்கிறார். குளிர் இருக்குமா? சேலை கட்டிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனால் பார்ப்பார்களா? உன் மச்சான் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் அறை 9214. அவர்களுடையது 9216.

கப்பலில் உனக்கு வேலை நிறைய இருக்கும். எங்களைத் தேடி வந்து சிரமப்பட வேண்டாம் கண்ணு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

—

சிங்கப்பூர் துறைமுகம்
19.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சளிக்கு வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டுக் குடியுங்கள்.

புரிந்தது அக்கா. உங்களைத் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். பெண் கொடுக்கிற இடம், எனக்கும் தெரியும்.

ஒரே ஒரு சங்கடம். என் பொறுப்பில் பதினாறு அறைகள். 9214, 9216 இரண்டும் அதில் வருகின்றன. அந்த வாரங்களுக்கு வேறு பக்கம் மாற்றிக் கேட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். சொல்ல முடியவில்லை. அதனால் தினம் இரண்டு வேளை நான்தான் வருவேன். "குட் மார்னிங், மேடம்" என்பேன். நீங்கள் தலையசைத்தால் போதும். தமிழே பேச மாட்டேன்.

ஊறுகாயைக் கப்பலுக்குள் கேட்டுப் பாருங்கள், ஆனால் ஆஸ்திரேலியாவில் கரை இறங்கும்போது ஒரு கறிவேப்பிலைகூடக் கையில் இருக்கக் கூடாது. நாயை வைத்து மோப்பம் பிடிப்பார்கள். சேலை தாராளமாகக் கட்டலாம். கப்பலின் நேரமும் போனில் காட்டும் நேரமும் ஒன்றாக இருக்காது. கரையிலிருந்து திரும்பக் கப்பல் நேரத்தையே பாருங்கள். போனை விமானப் பயணத்தில் வைப்பது போல வைத்துவிடுங்கள். ஈரத் துண்டைத் தரையில் போட்டால் மாற்றச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். கொக்கியில் மாட்டினால் வேண்டாம் என்று அர்த்தம்.

நகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போட்டு வந்தால், கழற்றியதும் அலமாரிக்குள் இருக்கும் லாக்கரில் வைக்க வேண்டும். வேறெங்கும் வேண்டாம்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

கோபால்

—

சிங்காநல்லூர்
8.12.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு ஒரு வரி போடு. ஊருக்கு வந்து மூன்று வாரமாகிவிட்டது, எழுத நேரமே அமையவில்லை.

பயணம் நல்லபடியாக முடிந்தது. இஞ்சியும் பச்சை ஆப்பிளும்தான் என்னைக் காப்பாற்றின. நாலாம் நாள் கப்பல் ஆடிய ஆட்டத்தில் உன் மச்சான் கோட்டோடு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். டார்வினில் முதலைப் பண்ணைக்குப் போனோம். பாலுசாமி பண்ணைக்காரரிடம் தீவனக் கணக்கெல்லாம் கேட்டார். சிட்னியில் இறங்கும்போது மழை.

நடுவில் ஏதோ சின்னக் குழப்பம். கப்பல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மச்சான் சொன்னார். அதன் பிறகு அறைக்கு வேறு பையன் வந்தான். உன்னை வேறு பக்கம் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் மார்ச் 2, ஞாயிறு. பத்திரிகை அச்சுக்குப் போகிறது. உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று மச்சான் சொல்கிறார். கிடைக்காவிட்டால் மனசை வருத்திக்கொள்ளாதே.

அக்கா

—

5.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு வர முடியாது அக்கா. தாய்மாமன் செய்ய வேண்டிய சீரை நம் பெரியப்பா மகன் யாராவது நின்று செய்யட்டும். வர்ஷினிக்குப் புடவை மட்டும் அனுப்புகிறேன். மயில்கழுத்து நிறம் பிடிக்கும்தானே?

சம்பந்தியம்மாவின் தோடு கிடைத்ததா? கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

பொங்கலுக்கு என் வாழ்த்து.

கோபால்

—

சிங்காநல்லூர்
19.1.2025

கண்ணு கோபாலு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

தோடு கிடைத்துவிட்டது.

பொங்கலுக்கு மறுநாள் சீர்த்தட்டோடு பல்லடம் போயிருந்தோம். சென்னியம்மாள் என்னை மட்டும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினார். பஞ்சுச் சுருளுக்குள் அந்த வைரத் தோடு இருந்தது. "கப்பல் ஆடுதேன்னு நானேதானுங்க சுத்தி வெச்சுப்போட்டு மறந்துட்டேன். போன வாரந்தான் பாத்தேன். அவுருகிட்டச் சொல்லிராதீங்க அம்மணி, திட்டுவாரு. அந்தத் தமிழ் தெரியாத மலையாளத்துப் பையன் நம்மள இனி எங்க பாக்கப் போறான்?" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன் கோபாலு. சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்த நாளைப் பற்றிப் போன மாதம் 'சின்னக் குழப்பம்' என்று எழுதினேன். நீ அங்கேதான் நின்றாய், உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நான் செய்ததை என் கையால் ஒரு தடவையாவது எழுத வேண்டும்.

டார்வினை விட்ட இரண்டாம் நாள். பாதுகாப்பு அதிகாரியின் அறை. பாலுசாமிக்கு அவர் பேசிய ஆங்கிலம் பிடிபடவில்லை. உன் மச்சான் என்னைப் பார்த்து, "நீ டீச்சர்தானே, சொல்லு" என்றார். பாலுசாமி, "ரூமுக்குள்ள இவனத் தவிர யாரும் வல்லீங்க. இவந்தான் எடுத்திருக்கோணும்னு சொல்லுங்க அம்மணி" என்றார். நான் சொன்னேன். ஆங்கிலத்தில், ஒரு இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். அந்த அதிகாரி, உங்களுக்குத் தனியாக ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

உன்னிடம், இந்தப் பயணிகளை முன்பே தெரியுமா என்று கேட்டார். "நோ, சார்" என்றாய். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

எனக்கு எழுதிக் கொடுத்த வார்த்தையை நீ அந்த இடத்திலும் காப்பாற்றினாய். அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனவள் நான். நான் எதைக் காப்பாற்றினேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது எந்தக் கப்பலில் இருக்கிறாய்? போன கடிதத்தில் நீ ஊர்ப்பெயர் போடவில்லை. அதை நேற்றுதான் கவனித்தேன்.

அக்கா

—

ஈரோடு
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தோடு கிடைத்ததில் எனக்கு நிம்மதி. அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தேன்.

நான் கப்பலில் இல்லை. நவம்பர் 20 முதல் ஈரோட்டில் இருக்கிறேன். விசாரணை நடந்த அன்றைக்கே என்னைக் கீழ்த்தளத்துச் சலவைக்கு மாற்றினார்கள். சிட்னியில் இறக்கி ஊருக்கு அனுப்பினார்கள். எதுவும் நிரூபணமாகவில்லை, ஆனால் காகிதத்தில் 'சந்தேகம்' என்று இருக்கிறது. அது இருக்கும் வரை அடுத்த ஒப்பந்தம் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருக்கிறேன். தெரிந்த வேலைதான். கோவைக்கு வந்தால் யாராவது பார்த்துக் கேட்பார்கள் என்று வரவில்லை.

நீங்கள் மொழிபெயர்த்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. வேறொன்றுதான் போக மாட்டேன் என்கிறது. என் பெட்டியைத் திறந்து கட்டிலில் கொட்டினார்கள். லுங்கி, பனியன், அம்மா போட்டோ, முதுகு பெல்ட். என்னோடு அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரன் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்தவன் மாதிரியே எனக்கு உடம்பு கூசியது. இப்போதும் லாட்ஜில் யாராவது எதையாவது காணோம் என்று தேடினால் முதலில் நான்தான் என் சட்டைப்பையை உதறிக் காட்டுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். கல்யாணம் முடியும் வரை பல்லடத்தில் எதுவும் சொல்லாதீர்கள். வர்ஷினிக்கு நல்ல இடம். என்னால் கெட வேண்டாம்.

மச்சானுக்கு வணக்கம்.

கோபால்

—

சிங்காநல்லூர்
9.2.2025

கண்ணு கோபாலு,

நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் பேச்சை நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

முதலில் உன் மச்சானிடம் பேசினேன். "கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். பக்கத்து அறையிலிருந்த வர்ஷினி கேட்டுவிட்டாள். வெளியே வந்து, "மாமா வரலீன்னா நானும் மணவறைக்கு வரலீங்கப்பா" என்றாள். கோபப்படவில்லை, அழவில்லை. சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

பல்லடத்தில் சோபாவில் உட்கார்ந்து காபி வரும் முன்பே சொன்னேன். அறை கூட்டிய பையன் என் தம்பி, ஆபீசர் என்று நாங்கள் சொன்னது பொய், தெரிந்தே நான் அவனைக் காட்டிக்கொடுத்தேன் என்று. வர்ஷினி என் முதுகில் கை வைத்திருந்தாள்.

பாலுசாமி, "அப்ப எங்களப் பொய் சொல்லி ஏமாத்திப்போட்டீங்க" என்றார். தோட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அது அந்த அம்மாள் என்னிடம் நம்பிச் சொன்னது. சென்னியம்மாளே எழுந்து உள்ளே போய்க் கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். "பொய்யி அவிய ஊட்டுல மட்டும் இல்லீங்க. ஒரு மாசமா எங்கிட்டயும் இருக்குது" என்றார். அவர் அதைத் திறந்து பார்த்தார். எழுந்து பண்ணைக்குப் போய்விட்டார். நாங்கள் காபி குடிக்காமல் திரும்பினோம்.

மூன்று நாள் அங்கிருந்து போன் இல்லை. மச்சான் தன் பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தார். நாலாம் நாள் மாப்பிள்ளை நிதீஷ் வந்தார். கப்பல் கம்பெனிக்கு ஒரு கடிதம், தட்டச்சு செய்து, அப்பா அம்மா இருவர் கையெழுத்தோடு. தோடு எங்களிடமே இருந்தது, புகார் தவறு, அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று. அதை என்னையே படித்துப் பிழை பார்க்கச் சொன்னார். படித்துக்கொடுத்தேன். அனுப்பியாகிவிட்டது. கல்யாணம் நிற்கவில்லை.

வா என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. உன் மருமகள் அழைக்கிறாள் என்று வைத்துக்கொள்.

அக்கா

—

சிங்காநல்லூர்
6.3.2025

கண்ணு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? மண்டபத்தில் நின்று நின்று முதுகு வலித்திருக்கும். பிள்ளைகள் இருவரும் நலம், நேற்று மறுவீடு வந்து போனார்கள்.

நீ வந்தாய். வர்ஷினியின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தாய். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஆகவில்லை, எனக்குத் தெரியும்.

வாசலில் எங்கள் பள்ளித் தாளாளரின் மனைவி, "தாய்மாமன் என்னங்க பண்றாரு?" என்று கேட்டார். "கப்பல்ல இருந்தாருங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர், "ஓ, ஆபீசருங்களா?" என்றார். நான் சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். பல்லடம் வரைக்கும் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்த வாய் இது. திரும்பினால் நீ நாலடி பின்னால், கையில் மாலையோடு நின்றாய்.

அப்புறம் பந்தியில் பார்த்தேன். நீ உட்காராமல் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தாய். தாய்மாமனைப் பரிமாற விட்டுவிட்டு நான் யார் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தேன். சென்னியம்மாள்தான் பட்டுச்சேலையோடு வந்து வாளியை வாங்கினார். "உக்காருங்க தம்பி. நான் போட்டாத்தான் எனக்கு இன்னிக்குச் சோறு எறங்கும்" என்று உன்னை உட்கார வைத்து இலை போட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாய். இரண்டாம் தடவை ரசம் கேட்டாய். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அருகில் வரவில்லை. அந்த வாளி என் கையில் இருந்திருக்க வேண்டும்.

16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்கு வருகிறேன். தனியாக, பஸ்ஸில். எங்கே வர வேண்டும் என்று சொல். வேறு காரியம் ஒன்றும் இல்லை. உன் எதிரில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும்.

அக்கா

—

ஈரோடு
10.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். முதுகு வலி இல்லை. மச்சானுக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், கல்யாணத்தில் முகம் வாடியிருந்தார்.

கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. 'சந்தேகம்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்களாம். ஜூனில் இடம் இருந்தால் கூப்பிடுவார்களாம். போவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நீங்கள் வாசலில் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

வாங்க அக்கா. பகல் ஒரு மணியிலிருந்து மூன்று வரை எனக்கு ஓய்வு. பக்கத்திலேயே மெஸ் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வடக்கு வாசல் வழியாக வந்தால் எதிரிலேயே பச்சைப் பலகை போட்ட லாட்ஜ். கீழே வரவேற்பு மேசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் காது மந்தம். யாரைப் பார்க்க வேண்டும், நீங்கள் யார் என்று கேட்பார். பக்கத்து பெஞ்சில் எப்போதும் நாலைந்து பேர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள்.

ரூம் பாய் கோபாலசாமியின் அக்கா என்று சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது.

உங்கள் தம்பி,
கோபாலசாமி